பம்ப்பைக் கேட்டுட்டு என்ஜினைத் தூக்குங்க

போட் மெக்கானிக் பதில்கள்

கேள்வி: அண்ணே, கொச்சிப் பக்கத்துல இருந்து 18 அடி ஃபைபர் ஜெட் போட் ஒண்ணு பழசா வாங்கி மணக்குடிக்குக் கொண்டு வந்துட்டேன். உள்ள இருந்த பெரிய வி8 பெட்ரோல் என்ஜின் ப்ளாக் வெடிச்சுக் கெடக்கு, பம்ப் மட்டும் கையால சுத்தினா நல்லா சுத்துது. நாகர்கோவில்ல ஒரு மெக்கானிக், பழைய லாரியோட ஆறு சிலிண்டர் டீசல் என்ஜினைப் போட்டுரலாம், இழுவை அதிகம், எண்ணெய்ச் செலவும் கம்மினு சொல்லுதாரு. போடலாமா? - மணக்குடி வாசகர்

பதில்: தம்பி, லாரி என்ஜின் வேண்டவே வேண்டாம். உங்க மெக்கானிக் சொன்னது வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும் சரி, அங்க கியர் பாக்ஸ் இருக்கு, பெரிய ப்ரொப்பெல்லர் மெதுவா சுத்தினா போதும், அதனால இழுவை உள்ள டீசல் நல்லா ஒத்துப்போகும். ஜெட் போட்ல அந்த கியர் கிடையாது. என்ஜின் எத்தனை சுத்து சுத்துதோ அதே சுத்துதான் இம்பெல்லருக்கும் (பம்ப்புக்குள்ள சுத்தி தண்ணியைப் பின்னால பீச்சித் தள்ளுற சக்கரம்), இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா மத்தது எல்லாம் தானா புரிஞ்சுரும்.

பம்ப் எடுக்குற பவர் சுத்தோட மும்மடிக்கு ஏறும், சுத்து ரெண்டு மடங்கானா பவர் எட்டு மடங்கு, சுத்து பாதியானா பவர் எட்டுல ஒரு பங்கு. பேச்சுக்கு உங்க பம்ப் 4,400 ஆர்.பி.எம்-ல (நிமிஷத்துக்கு 4,400 சுத்து) 300 ஹெச்.பி. வாங்குற பம்ப்னு வைங்க, அதே பம்ப் 2,200-ல வெறும் 37, 38 ஹெச்.பி. தான் வாங்கும். பழைய லாரி டீசல் பெரும்பாலும் 2,400 சொச்சத்துக்கு மேல போகாது. என்ஜின்ல நூத்து முப்பது குதிரை இருந்தாலும் அதுல பாதிகூட பம்ப்புக்குப் போகாது, போட் மூக்கைத் தூக்கிக்கிட்டு தண்ணியைத் தள்ளிக்கிட்டே நிக்கும், மேல ஏறி வழுக்கி ஓடவே செய்யாது. நடுவுல சுத்தை ஏத்துற கியர் வச்சு ஓட்டலாம்தான், ஆனா அந்த கியரோட விலை, எடை, அதுக்கு இடம், எல்லாம் பாத்தா உங்க போட்டுக்கு அது தாங்காது.

எடைன்னு சொன்னதும் இன்னொண்ணு. நியூசிலாந்துல ஹாமில்டன்னு ஒரு இன்ஜினியர் 1950-கள்ல இந்த வகை போட்டைச் செஞ்சதே அவங்க ஊரு கல்லும் மணலுமா கெடக்குற ஆழமில்லாத ஆத்துல ஓட்டத்தான், 1960-ல அமெரிக்காவுல கொலராடோ ஆத்தோட்டத்தை எதிர்த்து கிராண்ட் கேன்யன்ல மேல ஏறினதும் அவரோட ஜெட் போட்டுங்கதான். லேசா இருந்து மேல மிதக்குறதுதான் அதோட பலமே. பழைய வி8 முந்நூறு கிலோ சொச்சம்னா லாரி என்ஜின் அரை டன் பக்கத்துல வந்துரும், அந்தக் கனத்தைப் பின்பக்கம் வச்சா பழையாறு கடல்ல சேருற இடத்துல, மணல் திட்டு மேல போறப்போ அடி தட்டி மணலைத்தான் உறிஞ்சும், மணல் போனா இம்பெல்லரைச் சுத்தி இருக்குற வளையம் (வேர் ரிங்) தேய்ஞ்சு இடைவெளி கூடி தள்ளுற வேகமே போயிரும்.

சரி, அப்போ எது போடலாம்? எனக்க அபிப்பிராயத்துல முதல்ல அதே வி8 குடும்பத்து ப்ளாக் ஒண்ணு தேடிப் பாருங்க, பெல் ஹவுசிங், ஷாஃப்ட், மவுண்ட் எல்லாம் அப்படியே சேரும், வெட்டி ஒட்டுற வேலை மிச்சம். கிடைக்கலைன்னா வேகமா சுத்துற என்ஜினாப் பாருங்க. மஹிந்திரா எக்ஸ்யூவி 500 கார்ல வந்த 2.2 லிட்டர் டீசல் 3,750-ல 140 ஹெச்.பி. தரும், ஆனா மேல சொன்ன பம்ப்புல அதைப் பூட்டினா 3,400 பக்கத்துலயே முட்டி நின்னுரும், இம்பெல்லரைச் சின்னதா மாத்தினாத்தான் அது முழுசா மூச்சு விடும். பெர்க்லி கம்பெனி பம்ப்னா ஏ, பி, சினு இம்பெல்லர் அளவு வரும், ஏ பெருசு. அதனால பம்ப்போட தகட்டுல உள்ள மாடல் நம்பரை எழுதி எடுத்து, அந்தப் பம்ப்புக்கான பவர் கர்வை (எத்தனை சுத்துக்கு எவ்வளவு பவர்னு காட்டுற கோடு) வாங்கி, என்ஜின் கர்வை அது மேல வச்சுப் பாருங்க, ரெண்டும் வெட்டுற இடம்தான் உங்க போட் ஓடப்போற இடம். சுத்துற திசையையும் பாத்துக்கணும், பம்ப் மேல அம்புக்குறி இருக்கும், எதிர்த்திசையில சுத்துனா தண்ணி தள்ளாது.

இன்னும் ரெண்டு காரியம். அலையில குதிச்சு பம்ப் காத்தை உறிஞ்சினா பாரம் போயி என்ஜின் ஒரே எகிறா எகிறும், அதனால சுத்து அளவு மீறாமப் பிடிச்சு நிறுத்துற ரெவ் லிமிட்டர் கட்டாயம். பிறகு உப்புத்தண்ணியை நேரா ப்ளாக்ல விடாதீங்க, உங்க ப்ளாக் போனதே அதனாலதான் இருக்கும்னு சந்தேகப்படுதேன். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வச்சு உள்ள நல்ல தண்ணியும் கூலன்ட்டும் தனியா சுத்தட்டும், புகை வெளிய போற சைலன்சர் மேனிஃபோல்டும் சுத்தி தண்ணி ஓடுற ஜாக்கெட் உள்ளதா இருக்கணும், காரோட காஞ்ச மேனிஃபோல்டு அந்த மூடின பெட்டிக்குள்ள ஃபைபரைக் கருக்கிரும்.

என்ஜினை இறக்குறதுக்கு முன்னால அது உக்காரப்போற கட்டையைப் பாருங்க. பழைய போட்ல ஃபைபருக்குள்ள மரம்தான் இருக்கும். ஸ்பேனர் பிடியால அடி அடியாத் தட்டிக்கிட்டே போங்க, கட்டியான இடத்துல டக்குனு கேக்கும், அழுகின இடத்துல பொதுக்குனு மந்தமா கேக்கும். அங்க சின்னதா ஒரு ட்ரில் போட்டுப் பாருங்க, வெள்ளையா காஞ்ச தூள் வந்தா சரி, கறுப்பா ஈரச் சக்கையா வந்தா அந்தக் கட்டையை வெட்டி எடுத்துட்டு புதுசா வச்சு ஃபைபர் போடுற வரைக்கும் என்ஜின் பேச்சே வேண்டாம், ஆடுற கட்டை மேல எந்த அலைன்மென்ட்டும் நிக்காது.

கேள்வி: என் பெட்ரோல் போட்ல ஸ்டார்ட்டர் போயிருச்சு. கார் ஸ்டார்ட்டர் அப்படியே சேருது, விலை பாதிதான். போட்டா என்ன? - குளச்சல் வாசகர்

பதில்: போடாதீங்க. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், வெளிய போகாம போட்டோட அடியில தங்கும். கார் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் உள்ள பொறி பறக்கும், கார்ல அது காத்தோட போயிரும், போட்ல மூடின பெட்டிக்குள்ள வெடிக்கும். படகுக்குன்னு பொறி வெளிய வராம மூடிச் செஞ்சது தனியா வரும், அதையே வாங்குங்க. கார்புரேட்டர் மேல தீ வெளிய வராமத் தடுக்குற ஃப்ளேம் அரெஸ்டரும் இருக்கணும். சாவி திருப்புறதுக்கு முன்னால, பெட்டிக்குள்ள இருக்குற ஆவியை வெளிய தள்ளுற ப்ளோயரை நாலு நிமிஷம் ஓட விட்டு, மூடியைத் தூக்கி மூக்கால மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை கொஞ்சம் வந்தாலும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிச்ச பிறகுதான் சாவி.

கேள்வி: என்ஜின் மாத்தின ஜெட் போட்டை தேங்காப்பட்டணம் பொழியில சவாரிக்கு விடலாமா? - புதுக்கடை வாசகர்

பதில்: பதிவும் சர்வேயும் இல்லாம ஆள் ஏத்தவே கூடாது, 2021 உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் அதைத்தான் சொல்லுது, என்ஜின் மாத்தினதைப் பதிவு பண்ணுற ஆபீஸ்ல காட்டி சர்டிஃபிகேட்ல ஏத்திக்கோங்க. ஓட்டுற பையனுக்கும் ஒண்ணு சொல்லிக் குடுங்க: ஜெட் போட்ல தண்ணி பீச்சினாத்தான் திரும்பும், பயத்துல ஆக்சிலரேட்டரை முழுசா விட்டா ஸ்டியரிங்கே வேலை செய்யாது, எதிர வள்ளம் வந்தா கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குடுத்துத்தான் ஒதுங்கணும்.