தோட்ட அலுவலகத்தில் 17 நாள் கிடந்த கடிதம்

கேள்வி: பொகவந்தலாவையில் 2021 முதல் தேயிலைத்தூளைப் பொதிசெய்து விற்கிறேன். அப்போது வற் எனும் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய எல்லை, ஆண்டுக்கு 300 மில்லியன் ரூபாய் விற்பனை. பிறகு அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இப்போது 2024 இன் கடைசி இரண்டு காலாண்டுகளுக்கு இவ்வளவு வரி கட்டவேண்டும் என்று உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தல் வந்திருக்கிறது. அம்மாவின் நகையை அடகு வைத்துத் தொடங்கிய தொழில் இது. தோட்டத்துப் பிள்ளைகள் 11 பேர் வேலை செய்கிறார்கள். பெரிய முதலாளிகளை விட்டுவிட்டு எங்களைப் பிடிப்பது நியாயமா? மனைவியின் பெயரில் இன்னொரு வியாபாரப் பதிவு எடுக்கச் சொல்கிறார் மைத்துனர். எடுக்கலாமா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய நான்கு பக்கங்களில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி: 2024 இன் இரண்டாம் காலாண்டில் உங்கள் விற்பனை 1 கோடியே 64 இலட்சம். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் எல்லை காலாண்டுக்கு 15 மில்லியன், ஆண்டுக்கு 60 மில்லியன். இரண்டில் ஒன்றைத் தாண்டினாலே பதிவு கட்டாயம். நீங்கள் தாண்டிவிட்டீர்கள். 2019 இன் இறுதியில் 8 சதவீதமாக்கிய வரியை 18 ஆக உயர்த்தியதும், 300 மில்லியன் எல்லையை 80, 60 என இறக்கியதும் சிறு தொழிலை உலுக்கியது உண்மை. மேன்முறையீட்டில் அந்த நியாயம் ஒரு ரூபாயையும் குறைக்காது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 36 மில்லியன் என்றே முன்மொழிந்தார்கள். எல்லை மறுபடி உயரும் என்று காத்திருக்க வேண்டாம்.

மைத்துனரின் யோசனையை இன்றே கைவிடுங்கள். ஒரே களஞ்சியம், ஒரே பொதியிடும் இயந்திரம், அதே 11 பேர். அறிவித்தல் வந்தபின் இன்னொரு பதிவு எடுத்தால், தெரியாமல் நேர்ந்த தவறு என்று சொல்ல உங்களுக்கிருக்கும் ஒரே நல்ல வாதமும் போய்விடும்.

என் பயம் வேறு. நீங்கள் அனுப்பிய படத்தில் அறிவித்தலின் திகதி 4. மூலையில் யாரோ பென்சிலால் 21 என்று எழுதியிருக்கிறார்கள்; உங்களிடம் கொடுத்த நாளாக இருக்கும். தோட்டத்து லயன் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே கிடந்து, உங்கள் கைக்கு வந்திருக்கிறது. மேன்முறையீட்டுக்கு 30 நாள்தான். தபால் சேர்ந்த நாளிலிருந்தே அதை எண்ணுவார்கள். நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து எண்ணமாட்டார்கள். மலையகத்தில் என்னிடம் வந்தவர்களில் பலர் வழக்கில் தோற்கவில்லை, இந்தக் கெடுவில்தான் தோற்றார்கள். கெடு போனால் மதிப்பீடு இறுதியாகிவிடும். அடுத்த கடிதம், கணக்கிலிருந்து வரியை அறவிடச் சொல்லி, உங்கள் வங்கிக்குப் போகும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் இறைவரி ஆணையாளர் நாயகம் காலத்தை நீடிக்கலாம். அதை நம்பி இருக்காதீர்கள்.

இன்னொரு குழியும் உண்டு. விற்பனையையும் வரியையும் கணக்குக் காட்டும் வரி விபரத்திரட்டையே நீங்கள் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவர் வெறும் மனுவோடு போனால் ஏற்கமாட்டார்கள். திரட்டைத் தயாரித்து, அதன்படி வரும் வரியைச் செலுத்திவிட்டே மனு கொடுக்க வேண்டும். பணம் புரட்ட நாளாகும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

உங்களிடம் தேயிலை வாங்கும் நுவரெலியா ஹோட்டல்களிடம் பழைய விற்பனைக்கு வரி கேட்கப் போகாதீர்கள். ஒப்பந்தத்தில் வரி பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1,180 ரூபாய் பொதிக்குள் வரி அடக்கம் என்று கொண்டாலும் 180 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான் போகும். பதிவு கிடைக்குமுன் புதிய பில்லில் 18 சதவீதம் சேர்ப்பதும் சட்டவிரோதம்.

ஆகவே சமரசமாகப் போங்கள். வரியை ஒப்புக்கொண்டு, திரட்டோடு கட்டியது போக மீதி இருந்தால் அதற்குத் தவணை கேளுங்கள்; தண்டப்பணத்தை மட்டும் எதிர்த்து நில்லுங்கள். வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு வரை போனால், திரும்பி வராத 10 சதவீதம் கட்ட வேண்டும், அல்லது 25 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். 11 பேரின் சம்பளத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

பொதி அட்டை அச்சிடுபவரிடம், பதிவு கிடைத்த நாளிலிருந்து உங்கள் வற் இலக்கத்தோடு வரிப் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் கொள்வனவில் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. திணைக்களத்தில் உங்கள் முகவரியைத் தோட்டத்திலிருந்து கடைக்கு மாற்றுங்கள். தபால் முத்திரையுள்ள அந்த உறையை வீசிவிடாமல், இந்த வாரமே ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள்.