மூன்றரை வட்டி என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 42 வயது, ஈரோட்டில் தனியார் நிறுவனமொன்றில் பணியாற்றுகிறேன். கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் நிலுவை இருக்கிறது. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையான 4,000 ரூபாயை மட்டும் கட்டி வருகிறேன். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா ஏலச்சீட்டிலும் நகையிலும் சேமித்தே எங்களைப் படிக்கவைத்தார். என் 12 வயது மகளும் என்னைப்போல் ஆகிவிடக் கூடாது என்பதற்காக, அவள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாமா?

பதில்: செல்வமகள் கணக்கை 10 வயது நிறைவதற்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்பதால் அந்த வாய்ப்பு இனி இல்லை. அதற்காக வருந்தவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "வீட்டில் யாருக்கும் தெரியாது" என்ற வரிதான்.

பல கார்டுகளில் நிலுவைக்கு மாதம் 3.5% வட்டி விதிக்கிறார்கள். உங்களுடையதும் அப்படியென்றால், 80,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 2,800 ரூபாய். அதன்மேல் 18% ஜிஎஸ்டி 504 ரூபாய். ஆக, நீங்கள் கட்டும் 4,000 ரூபாயில் அசலில் கழிவது வெறும் 696 ரூபாய்தான். போதாக்குறைக்கு, நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத் தவணைக்காலம் கிடைக்காது. "வருடத்துக்கு 42%" என்று சொன்னால் உங்கள் அம்மாவுக்குச் சட்டென்று பிடிபடாமல் போகலாம். "மூன்றரை வட்டி" என்று சொல்லுங்கள், அடுத்த நொடியே அதிர்ந்துபோவார். நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்று கணக்கிட்டே வாழ்ந்த தலைமுறை அது.

அந்தப் பேச்சை மகள் இருக்கும்போதே நடத்துங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் ஒளித்து வைக்கப்பட்ட கடனிலிருந்து பிள்ளை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும். அடுத்த சீட்டு ஏலத்தின்போது கணக்குப் போடும் பொறுப்பையும் அவளிடமே கொடுங்கள். 20 பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை ஒருவர் 20,000 ரூபாய் தள்ளுபடிக்கு ஏலத்தில் எடுத்தால், நடத்துநரின் 5% கமிஷன் 5,000 ரூபாய் நீங்கலாக மீதி 15,000 ரூபாயில் ஆளுக்கு 750 ரூபாய் கிடைக்கும் என்பதை அவள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். (அந்தச் சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்பதை நீங்கள் பார்த்துவிடுங்கள்.) 10 வயது கடந்தவர் தாமே இயக்கும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம், பணம் போடுவதும் எடுப்பதும் அவள் கையெழுத்திலேயே நடக்கட்டும்.

கார்டுக் கடனை அடைக்க, அம்மா முழுமனத்துடன் சம்மதித்தால் மட்டும், அவருடைய நகையின்பேரில் வங்கியில் கடன் வாங்கலாம். அது பெரும்பாலும் ஒரு வட்டிக்கும் குறைவாகவே கிடைக்கும். ஒரு வட்டியே ஆனாலும், இதே 4,000 ரூபாயை மாதந்தோறும் கட்டினால் இரண்டு ஆண்டுகளுக்குள் கடன் தீர்ந்து நகை வீடு திரும்பிவிடும். அதுவரை கார்டை அம்மாவின் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சாவி அவரிடமே இருக்கட்டும்.