துரு தின்ற பழைய ஃபோர்டு மஸ்டாங் காரின் பாடியை வீட்டு கராஜிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் 1968 மஸ்டாங் ஒன்றை விலை பேசிக்கொண்டிருப்பதாகவும், "மேல்துரு மட்டும்தான்" என்று விற்பவர் சொல்வதாகவும் எழுதிவிட்டு, எந்தப் பெயின்ட் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட் கடைசியில் வருவது. அதற்கு முன்னால் மூன்று குளிர்காலங்கள் இருக்கின்றன. எனக்கு அவ்வளவு காலம் ஆனது.

என்னுடையது 1967 ஹார்ட்டாப், அதாவது மடக்க முடியாத தகட்டுக் கூரை கொண்டது. அடையாள எண் 7எஃப்01சி என்று தொடங்கும். 7 என்றால் 1967, எஃப் என்றால் டியர்போர்ன் ஆலை, 01 ஹார்ட்டாப், சி என்றால் 289 கன அங்குல வி8 எஞ்சின். டெட்ராய்ட்டின் புறநகரில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்த டியர்போர்ன் அரை மணி நேரப் பயணம்தான். பிறந்த ஊரே இந்த வண்டிக்கு எமனாகவும் வாய்த்தது. டெட்ராய்ட் நகருக்கு அடியில் ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில் பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே வெட்டும் உப்பைப் பனி உருகுவதற்காகச் சாலைகளில் கொட்டுகிறார்கள்; தகட்டைத் துரு தின்ன வைப்பது அதுதான். (மஸ்டாங்கை 'மசில் கார்', அதாவது பெரிய எஞ்சின் போட்ட வேகக் கார் என்றால் இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். அது 'போனி கார்', அதாவது அளவில் சிறிய துடிப்பான கார் என்பது அவர்கள் கட்சி. உப்பு எந்தக் கட்சியையும் பார்ப்பதில்லை.)

நானும் உங்களைப் போலவே கண்ணுக்குத் தெரிந்த துருவைப் பார்த்துத்தான் வாங்கினேன். சக்கர வளைவில் இரண்டு கொப்புளங்கள், கதவின் அடியில் ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவந்து காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடி முழுவதும் நகர்த்தினேன். பின்பக்கம் இரண்டு இடங்களில் அது ஒட்டவே இல்லை. அங்கே கிரைண்டரை வைத்தால், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி விரல் தடிமனுக்கு உதிர்ந்தது. அதற்கும் அடியில் கண்ணாடியிழைத் துணி, அதற்கும் அடியில் ஓட்டை. யாரோ ஒருவர் ஓட்டைக்குப் போர்வை போர்த்தி, அதற்கு மேல் பூசி மெழுகியிருந்தார்.

அதுகூடச் சின்ன விஷயம். இந்தக் கார்களின் உண்மையான நோய் முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டுக்குப் பின்னால், காற்று நுழையும் துளைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. கவுல் என்பார்கள். மழைநீர் அந்தத் துளைகள் வழியே இறங்கி இரு ஓரங்களிலும் வெளியேற வேண்டும். காற்று வண்டிக்குள் போகும் வாயைச் சுற்றித் தொப்பியைக் கவிழ்த்தது போல ஒரு தகட்டு விளிம்பு உண்டு. தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். உதிர்ந்த இலைகள் அதன் காலடியில் சேர்ந்து, ஈரம் தங்கி, அந்த விளிம்பு அடியோடு இத்துப்போகிறது. பிறகு ஒவ்வொரு மழையும் நேராக ஓட்டுநரின் காலடிக் கம்பளத்துக்கு வருகிறது. கம்பளம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, தரைத்தகடு மேலிருந்து கீழாக அழுகுகிறது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும்.

தரையை மட்டும் மாற்றிவிட்டுக் கவுலை விட்டீர்களானால் புதுத் தரையும் அதே வழியில் போகும். கவுலின் மேல்தகட்டைக் கழற்ற, அதைப் புள்ளி புள்ளியாகப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுக்க வேண்டும். அவை நூற்றுக்கு மேல் இருக்கும். அதற்கென்றே தனி டிரில் முனை விற்கிறார்கள். இரண்டு வாங்குங்கள், ஒன்று நிச்சயம் உடையும்.

இனி நான் செய்த பெரிய தவறு. மஸ்டாங்குக்குத் தனியாக அடிச்சட்டம் (சேஸிஸ்) கிடையாது, பாடியே அடிச்சட்டம். தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பும்தான் வண்டியை நேராகத் தாங்கி நிற்கின்றன. இது எனக்குப் படிப்பாகத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் பக்கம் இரண்டையும் ஒரே சனிக்கிழமையில் வெட்டி எடுத்தேன். புதுத் தகடுகளைப் பொருத்தி, வெல்ட் செய்து, கிரைண்டர் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். நாற்பது வருடம் கார் பாடி வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெல்டைப் பார்க்கவே இல்லை. "கதவை மாட்டிச் சாத்து" என்றார். சாத்தினேன். மேல் மூலை இடித்து நின்றது. பாடி நடுவில் தொய்ந்துவிட்டிருந்தது. போட்ட வெல்டுகளையெல்லாம் மறுபடி துளைத்து எடுக்க நான்கு வார இறுதிகள் ஆயின.

அதனால் எதையும் வெட்டுவதற்கு முன், கதவுத் திறப்பின் குறுக்கே ஓர் அங்குலச் சதுரக் குழாய்களை வெல்ட் செய்து பாடியை இறுக்கிவிடுங்கள். வண்டியை ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்துங்கள். அடிப்பாகத்தின் குறிப்பிட்ட புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் அடையாளம் போட்டு, மூலைக்கு மூலை அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கம். ஒவ்வொரு முறை தகட்டைப் பொருத்திப் பார்க்கும்போதும் கதவை மாட்டிச் சாத்திப் பாருங்கள்.

வெல்டிங்குக்கு வீட்டு மின்சாரத்தில் ஓடும், கம்பியைத் தானே தள்ளித் தரும் சிறிய மிக் இயந்திரம் போதும். 0.6 மில்லிமீட்டர் கம்பி, 75 சதவீதம் ஆர்கானும் 25 சதவீதம் கரியமில வாயுவும் கலந்த சிலிண்டர். தொடர்ந்து கோடு இழுக்காதீர்கள். மெல்லிய தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அந்தக் கோடியில் ஒரு பொட்டு, நடுவில் ஒன்று என்று வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுத் தொடருங்கள். பொறுமை இல்லாத நாளில் வெல்டிங் துப்பாக்கியைத் தொடாதீர்கள். நான் தொட்ட நாட்களின் தழும்பு பின்பக்கத் தகட்டில் இன்றும் பட்டிக்கு அடியில் இருக்கிறது.

மூன்று ஆபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்கின் மேற்புறமே டிக்கியின் தரை. பின்பக்கம் தீப்பொறி பறப்பதற்கு முன் அதைக் கழற்றிக் கராஜைவிட்டே வெளியேற்றுங்கள். காலி டேங்க் என்பதால் அலட்சியம் வேண்டாம்; வெடிப்பது ஆவிதான். இரண்டாவது, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்ட் செய்யாதீர்கள். அந்த வெளிச்சத்திலும் சூட்டிலும் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். மூன்றாவது, அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் உண்டு. கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் மூட்டை ஆலையிலேயே ஈயத்தால் நிரப்பியிருப்பார்கள். அங்கே கிரைண்டர் வைத்துத் தூசி கிளப்பாதீர்கள்.

கழற்றக்கூடிய சிறு பாகங்களில் துரு எடுக்க, மின்சாரம் பாய்ச்சும் மின்பகுப்புதான் என் விருப்பம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், வாஷிங் சோடா, பாட்டரி சார்ஜர். பாகத்துக்கு எதிர்முனை, பழைய இரும்புத் துண்டுக்கு நேர்முனை. மறுநாள் காலை துரு கறுப்புச் சேறாக, துடைத்தாலே வந்துவிடும். நேர்முனையில் எவர்சில்வர் மட்டும் கூடாது. நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜனும் கிளம்பும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். பானெட், கூரை போன்ற அகலத் தகடுகளை மணலை வேகமாக அடித்துத் துரு எடுக்கும் மணல் வீச்சுக்குக் கொடுக்காதீர்கள். நெளிந்துபோனால் நிமிர்த்துவது தனிக் கலை, எனக்கு அது வரவில்லை.

வெறும் தகடு தெரிந்த அன்றே, துரு பிடிக்காமல் காக்கும் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். குளிரில் அது இறுகாது. தகடு 15 டிகிரி செல்சியஸாவது இருக்கட்டும். மிச்சிகனில் இது எவ்வளவு பெரிய வேண்டுகோள் என்பது ஜனவரியில் தெரியும். பட்டி அதற்கு மேல், மூன்று மில்லிமீட்டருக்குள். பிறகு உப்புத்தாள், மறுபடி உப்புத்தாள்.

உங்கள் பெயின்ட் கேள்விக்கு: மேல்பூச்சை நான் வீட்டில் அடிக்கவில்லை. இரண்டு பாகம் கலக்கும் பெயின்டில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதற்குச் சாதாரண முகமூடி போதாது, வெளியிலிருந்து குழாயில் காற்று தரும் கவசம் வேண்டும். தேய்த்து முடித்த வண்டியைப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் விட்டுவிட்டேன்.

அந்த 1968-ஐப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு காந்தம், ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோங்கள். தண்ணீரைக் கவுல் துளைகளில் மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பாருங்கள். விற்பவர் ஊற்ற விடமாட்டேன் என்றால், கவுலும் தரையும் போய்விட்டன என்றே கணக்கு வைத்து விலையைப் பேசுங்கள்.