மாமா வந்து போனதற்கு 53,700 ரூபாயா?

கேள்வி: ஐயா, என் ஊர் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கணவருக்குப் புசல்லாவ. இப்போது கண்டியில், கட்டுகஸ்தோட்டையில், இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 38,000. நான் ஒரு தனியார் மருத்துவமனையில் கவுன்டரில் இருக்கிறேன், சம்பளம் 62,000. கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார், அவருக்கு 75,000. மகன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.

ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட், பெரஹரா ஊர்வலம், எதுவென்றாலும் ஊரில் எல்லோருக்கும் எங்கள் வீடுதான். போன மாதம் மாமாவும் அத்தையும் கண் ஆப்பரேஷனுக்காக வந்து எட்டு நாள் தங்கினார்கள். கூடுதல் சாப்பாட்டுச் சாமான் 9,500, ஆட்டோ 6,400, வெளியே எடுத்த பரிசோதனைகள் 7,800, போகும்போது அத்தை கையில் வைத்தது 5,000. அவர்களைக் கூட்டிப் போக வந்த என் தம்பி, பைக் லீசிங் தவணைக்கென்று 25,000 கைமாற்று வாங்கிப் போனான். மொத்தம் 53,700. மாமா 2,000 ரூபாயை எடுத்து நீட்டினார், நான் வாங்கவில்லை. வழக்கமாக 55 யூனிட் ஓடும் கரண்ட், அந்த மாதம் 71 ஆகி பில்லும் எகிறிவிட்டது.

தீபாவளிக்கு இரண்டு ஊருக்கும் போய்வர 96,000 முடிந்தது. அதற்காகச் சங்கிலியை வங்கியில் 140,000க்கு அடகு வைத்தோம், வட்டி 14 வீதம். கிரெடிட் கார்டில் 118,000 நிற்கிறது, அதற்கு 26 வீதம். மாதம் 6,000 கட்டுகிறோம். ஒரு சீட்டும் போடுகிறேன்: 12 பேர், ஆளுக்கு 10,000. ஐந்து மாதம் முடிந்துவிட்டது, என்னுடையது ஒன்பதாவது. அந்தக் காசில் சங்கிலியை மீட்கலாம் என்றிருக்கிறேன். ஒரு அறை உள்ள அனெக்ஸுக்கு 26,000 வாடகையில் போய்விட்டால் யாரும் வரமாட்டார்கள் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

— வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: வீடு மாறும் யோசனையை முதலில் பார்ப்போம், சகோதரி. மாதம் 12,000 மிச்சம் என்றால் வருடத்துக்கு 144,000. சின்னக் காசு இல்லை. வாடகை பாரமாக இருக்கிறது என்று மாறுவதானால் நான் மறிக்க மாட்டேன். ஆட்கள் வரக்கூடாது என்பதற்காக மாறினால் ஏமாந்து போவீர்கள். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், ஒரே காம்பராவில் குடும்பமே படுத்தெழும்பிய நம் சனத்துக்கு அறை இல்லை என்பதெல்லாம் ஒரு காரணமா? இருக்கிற இடத்தில் பாயை விரித்துக்கொள்வார்கள். மாமா உங்களைத் தேடி வந்தது அறைக்காக இல்லை. எந்த வாசலில் நிற்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரித் துண்டை எங்கே காட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், அதற்காக. நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த விவரமும் உங்களோடுதான் வரும்.

இப்போது அந்த 53,700ஐப் பிரித்துப் பாருங்கள். எட்டு நாள் இரண்டு பேருக்குச் சோறு போட்ட செலவு 9,500. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கிட்டத்தட்டப் பாதியைத் தம்பியின் பைக் தின்றிருக்கிறது. அது விருந்தாளிச் செலவே இல்லை, கடன். அதை மாமா கணக்கில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை மாமா போன் எடுக்கும்போது உங்கள் முகம் சுருங்கினால் அந்த மனுஷன் என்ன செய்வார்?

இன்னொரு கணக்கும் பாருங்கள். கார்டில் நிற்கும் 118,000க்கு மாத வட்டி ஏறக்குறைய 2,550. சங்கிலிக்கு 1,630. இரண்டும் சேர்ந்தால் மாதம் 4,180 ரூபாய். மாமாவையும் அத்தையையும் மூன்று நாலு நாள் வைத்துச் சாப்பாடு போடும் காசு அது. வீட்டில் யாரும் வராத மாதத்திலும் இது போய்க்கொண்டேதான் இருக்கிறது.

மாமா நீட்டிய 2,000ஐ ஏன் வாங்கவில்லை? கௌரவம், எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்கும் கௌரவம் இருக்கிறதே. வந்த இடத்தில் பாரமாக இருக்கிறோமே என்ற கூச்சம் அந்தக் காசைக் கொடுத்தால் கொஞ்சம் குறையும். நாம் ‘ஐயோ, வேண்டாம் மாமா’ என்று சட்டைப்பையிலேயே திரும்பத் திணித்துவிட்டு, அவர் பஸ் ஏறிய பிறகு கொப்பியில் கணக்கு எழுதுகிறோம். அடுத்த முறை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ‘மாமா, ஆட்டோவுக்கு நீங்கள் கொடுங்கள்’ என்று விடுங்கள். அத்தை கொண்டு வரும் கோவாவையும் லீக்ஸையும் தேயிலைத்தூளையும் வாங்கிக்கொள்கிறோம்தானே.

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. காசு போவது வெளியில் எடுக்கும் பரிசோதனைக்கும், வெளியில் வாங்கும் மருந்துக்கும், டொக்டரைத் தனியாகக் காசு கட்டிப் பார்க்கச் சனல் பண்ணுவதற்கும். ஆகவே புறப்படும் முன் போனிலேயே கேட்டுவிடுங்கள்: ‘என்ன டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள்? எவ்வளவு கொண்டு வருகிறீர்கள்?’ கவுன்டரில் இருக்கும் உங்களுக்கு விலை தெரியும், முன்கூட்டியே சொல்லலாம். கிளினிக் திகதி நம் கையில் இல்லை. ஆனால் வெளியே எடுக்கும் பரிசோதனையை முடிந்தவரை 10ஆம் திகதி தாண்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோட்டத்தில் சம்பளம் போட்ட கையோடு வருகிறவர்கள் காசோடு வருவார்கள். மாதக் கடைசியில் வந்தால் பாவம், பஸ் காசுதான் இருக்கும், மீதி உங்கள் கார்டில் ஏறும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து டவுனுக்கு பஸ்ஸுக்கா குறைச்சல்? கண்ணைக் கட்டிய நாளில் ஆட்டோ பிடியுங்கள். துண்டு எடுக்கப் போகும் நாளில் பஸ் போதும்.

கரண்ட் பில் எகிறிய காரணம் 60 யூனிட் எல்லை. மாதம் 60ஐத் தாண்டினால் கூடுதலான யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் யூனிட்களுக்கு இருந்த மலிவு விலையே போய்விடும், மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். ஆட்கள் இருக்கும் நாட்களில் சுடுதண்ணீரைக் கேத்தலில் போடாமல் கேஸ் அடுப்பில் வைத்து பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். இதில் இதற்கு மேல் மண்டையை உடைக்க வேண்டாம்.

தம்பிக்கு வருகிறேன். கொடுத்த 25,000 வந்தால் வரட்டும், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். இனிமேல் ஒரு விதி: கையில் இருந்தால் கொடுங்கள், கார்டில் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவனிடம் நேராகவே சொல்லலாம்: ‘தம்பி, அக்கா கையில் இருந்தால் தருவேன். இப்போது கார்டில் இழுத்துத்தான் தரணும், அதுக்கு 26 வீதம் வட்டி. நீ கட்டுவியா?’ கோபித்துக்கொள்வான். ஒரு மாதம் கழித்து அவனே போன் எடுப்பான். ரொம்ப அவசரம் என்றால் 5,000ஐத் திருப்பிக் கேட்காத காசாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

பெரஹராவுக்கு வரும் கூட்டம் வேறு ரகம். அவர்கள் நோயாளிகள் இல்லை, ஊர் பார்க்க வருகிறவர்கள். எசல பெரஹரா எந்த வாரம் என்று முன்பே தெரியும், அது திடீர்ச் செலவும் இல்லை. படுக்கையும் காலைச் சாப்பாடும் உங்களுடையது. நாற்காலி டிக்கெட், இரவுக் கடைச் சாப்பாடு எல்லாம் அவரவருடையது. இதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் முதலே போட்டுவிட்டால் வந்த பிறகு யாரும் முகம் பார்க்கத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தீபாவளிதான். நீங்கள் சங்கிலியை அடகு வைத்து ஊருக்குப் போனீர்கள். அங்கே உங்கள் அம்மா என்ன செய்திருப்பார் என்று கேட்டீர்களா? இன்னும் பேர் போட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால், தோட்டத்தில் தீபாவளி முற்பணம் எடுத்து ஆட்டுக்கறிப் பங்குக்குக் கொடுத்திருப்பார். முறுக்குக்கு மாவு, எண்ணெய், மருமகனுக்குச் சட்டை, பேரனுக்கு வெடி. அந்த முற்பணத்தை மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். அங்கே மகள் வருகிறாள் என்று கடன், இங்கே அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்று கடன். இரண்டு பேருமே மற்றவர் குறையாகச் சொல்லிவிடுவாரோ என்றுதான் எடுக்கிறீர்கள். எத்தனையோ மலையக வீடுகளில் இதுதான் நடக்கிறது, இரண்டு பக்கமும் வாய் திறப்பதில்லை.

இந்த முறை மாசக்கணக்கில் முன்னதாகவே அம்மாவோடு பேசுங்கள். ‘அம்மா, நாங்க இந்தத் தடவை சின்னதா வர்றோம், நீங்களும் பெருசா எதுவும் பண்ணாதீங்க’ என்று சொன்னால், அந்தப் பக்கம் பெருமூச்சுதான் வரும். தீபாவளிக்கு ஒரு ஊர், பொங்கலுக்கு மற்ற ஊர். அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் மஸ்கெலியாவும் புசல்லாவையும் ஓடுவதால்தான் வேன் பிடிக்க வேண்டி வருகிறது. புதுத்துணி பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும். சித்தப்பா மகனின் மனைவிக்கு சேலை எடுக்காவிட்டால் ஒரு பேச்சு வரும்தான். வரட்டும். இப்படிச் செய்தால் 96,000ஐ 45,000க்குள் கொண்டு வரலாம் என்பது என் கணிப்பு.

சீட்டுக் காசில் சங்கிலியை மீட்கும் எண்ணத்தை விடுங்கள். 120,000 வந்தவுடன் கார்டை அடையுங்கள். 26 வீதத்தை வைத்துக்கொண்டு 14 வீதத்தை அடைப்பது கணக்குக்கு ஒத்துவராது. சங்கிலி கழுத்தில் இல்லாதது கண்ணில் படுகிறது, கார்டு வட்டி கண்ணில் படுவதில்லை, அதனால்தான் மனம் அங்கே இழுக்கிறது. சீட்டில் ஆறாவதாக எடுக்க வேண்டியவர் சம்மதித்தால் அவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முன்னதாகக் கிடைத்தால் 7,000 ரூபாய்க்கு மேல் வட்டி மிச்சம். கார்டை அடைத்த பிறகு, இப்போது அதற்குக் கட்டும் 6,000 கையில் நிற்கும். அதில் பாதியைச் சங்கிலி அடகின் முதல் தொகைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். பகுதி பகுதியாகக் கட்ட பெரும்பாலான வங்கிகள் விடும். மீதியோடு இன்னும் 4,000 சேர்த்து, சம்பளம் வந்த அன்றே ஒரு தனிச் சேமிப்புக் கணக்குக்குத் தள்ளிவிடுங்கள். வருடத்துக்கு 84,000. தீபாவளிக்கு 45,000 போனால், மாமா மாதிரி ஒருவர் வந்து போக இன்னும் 39,000 இருக்கும். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டை உங்கள் கைப்பையில் வைக்காதீர்கள். கணவரிடமும் கொடுக்க வேண்டாம், அவர் தம்பிகளும் பைக் வைத்திருக்கலாம்.

அனெக்ஸ் பேச்சைக் கார்டு அடையும்வரை தள்ளிப் போடுங்கள். அதற்குப் பிறகும் 38,000 கடினம் என்றால் அப்போது பார்க்கலாம். அதுவரை, இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது: அடகுத் துண்டை எடுத்து மீட்க வேண்டிய கடைசித் திகதியைப் பாருங்கள். அது சீட்டு கைக்கு வரும் மாதத்துக்கு முன்னதாக இருந்தால், வட்டியைக் கட்டி அடகைப் புதுப்பித்துவிடுங்கள். தவறினால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.