ஒன்பதாவது மனு வேண்டாம்

அன்புள்ள ஐயா,

சேர்வராயன் மலையில் எங்கள் ஊருக்கு இன்னும் மண்பாதைதான். பிரசவ வலி வந்தால் டோலி கட்டித் தூக்கிப் போகிறோம். சேலம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு எட்டு முறை கொடுத்தாயிற்று. 'காட்டு நிலம், சாலை போட முடியாது' என்றே பதில் வருகிறது. அலைவது நாங்கள் நாலு பேர். ஊர் வருவதில்லை. இனி என்ன செய்வது?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள தம்பி,

ஒப்புகைச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். ஒன்பதாவது மனு வேண்டாம்.

'காட்டு நிலம்' என்றதும் பேச்சு முடிந்துவிடவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படியுங்கள். சாலை, பள்ளி, குடிநீர் என்று 13 வகை வசதிகளுக்கு அதில் வழி இருக்கிறது. நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. மூன்று மீட்டர் அகலப் பாதை என்றால் மூன்று கிலோமீட்டர்கூட அதற்குள் அடங்கிவிடும். உங்கள் பாதையை முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். சாலை போடும் துறை முன்மொழிய வேண்டும், கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அப்புறம் வனச்சரகர் வந்து பார்ப்பார், மாவட்ட வன அலுவலர் முடிவு செய்வார். கலெக்டர் மேஜையில் கிடக்கும் மனு, சபையின் அந்தப் பரிந்துரைக்கு ஈடாகாது.

ஆகவே ஊர் வந்தே ஆக வேண்டும். வன உரிமை விதிப்படி சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும்.

எங்கள் தெருச் சாக்கடைக்காக அலைந்த காலத்தில் நாங்களும் இதே தப்பைச் செய்தோம். கையெழுத்து வாங்க மட்டும் வீடு வீடாகப் போனோம். என்ன கேட்கலாம் என்று ஒருவரிடமும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டதோடு தங்கள் வேலை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 26 கிராம சபை காபிப் பழம் பறிக்கும் நேரத்தில் வருகிறது. கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? மே 1 சபையைக் குறி வையுங்கள். அதற்கு முன் ராத்திரிகளில், தோட்டத்திலிருந்து திரும்பிச் சாப்பிட்டு முடித்த பிறகு, ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரை வைத்து, சபைக்கு உட்பட்ட ஒவ்வொரு ஊரிலும் உட்காருங்கள். டோலியில் போன பெண்கள் பேசட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சபையில் தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதி, உரக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நகல் வாங்காமல் கலையாதீர்கள்.

சரி, பாதையை அளந்ததும் எழுதுங்கள். ஏப்ரலில் மலைக்கு வருகிறேன். தீர்மானத்தின் வாசகத்தைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதிவிடலாம்.