விட்டுப்போன டாமாக்சிஃபெனைச் சேர்த்து விழுங்கலாமா?

வேண்டாம். உங்கள் தாயார் மூன்று நாள் விட்ட டாமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரைகளையும் சேர்த்து இன்று நான்காக விழுங்கக்கூடாது. இன்றைக்குரிய ஒன்றை மட்டும் வழக்கமான நேரத்தில் கொடுங்கள். இம்மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 முதல் 7 நாள் ஆகும் என்பதால், இந்த இடைவெளி பெரிய இழப்பன்று. மாதக்கணக்கில் விட்டால் கதை வேறு.

அவர் ஏன் விட்டார் என்பதே எனக்குக் கவலையாக இருக்கிறது. அறுவையும் கீமோவும் முடிந்து ஸ்கேனும் நன்றாக வந்தபின், "நோய்தான் போய்விட்டதே" என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஈஸ்ட்ரோஜனால் வளரும் மார்பகப் புற்றுநோய் திரும்பாதிருக்கவே இம்மாத்திரை 5 ஆண்டும், சிலருக்கு 10 ஆண்டும் தரப்படுகிறது.

"இது எதற்கான மாத்திரை, எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டு, அவருடைய சொற்களிலேயே சொல்லச் செய்யுங்கள் (தேர்வு வைப்பதுபோல் அல்ல). "சத்துக்கு" என்றாரானால், மாத்திரை எதற்கென்று புரியாததே விட்டதற்குக் காரணமாக இருக்கலாம். உடல் சூடேறி வியர்ப்பதால் நிறுத்தியிருந்தால், மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குப் பராக்ஸெடினோ ஃபுளுவாக்ஸெடினோ எடுத்தால் அதையும் சொல்லுங்கள், அவை இம்மருந்தின் பலனைக் குறைக்கக்கூடும்.

பிறப்புறுப்பில் இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது இருந்தாலும், இங்கே பதிலுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.