காங்கோ சிதறியது யாரால்?

கேள்வி: இந்தியாவைப் போலத்தான் ஆப்பிரிக்க நாடுகளும் விடுதலை பெற்றன. ஆனால் காங்கோ இரண்டே வாரத்தில் சிதறிவிட்டது. பக்குவம் வராத மக்களிடம் அவசரப்பட்டு ஆட்சியைக் கொடுத்ததுதானே காரணம்?

பதில்: அவசரம் என்பது உண்மை. பக்குவம் இல்லை என்பது அந்த மக்கள்மீது போடும் பழி.

காங்கோவை ஆண்டது பெல்ஜியம். விடுதலை பற்றிப் பேச 1960 ஜனவரி 20-ல் அதன் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் வட்டமேசை மாநாடு கூடியது. ஜூன் 30-ல் விடுதலை. நடுவில் ஐந்து மாதமும் சில நாட்களும்தான். அன்று காங்கோவில் பட்டதாரிகள் இருபது பேர்கூடத் தேறமாட்டார்கள். லொவானியம் பல்கலைக்கழகமே 1954-ல்தான் திறக்கப்பட்டது. உயர் நிர்வாகப் பதவிகளில் இருந்த காங்கோக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'ஃபோர்ஸ் பப்ளிக்' என்ற ராணுவத்தில் ஏறத்தாழ 25,000 சிப்பாய்கள். அதிகாரிகள் சுமார் ஆயிரம் பேர், அத்தனை பேரும் பெல்ஜியர்கள்.

இந்தியாவை ஒப்பிட்டிருக்கிறீர்கள். 1947-ல் ஐ.சி.எஸ். அதிகாரிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்தியர்கள். அப்படி இருந்தும் தரைப்படையின் தலைமைத் தளபதி பதவி 1949 ஜனவரி 15 வரை ஆங்கிலேயரிடம்தான் இருந்தது. 1957-ல் விடுதலை பெற்ற கானாவிலும் பிரிட்டிஷ் ஜெனரல் ஒருவர் 1961 செப்டம்பர் வரை படைத்தலைவராக இருந்தார். ஆகவே, வெளிநாட்டு அதிகாரி தொடர்ந்ததால் மட்டும் ஒரு நாடு கவிழ்ந்துவிடாது. அவருக்குக் கீழே உள்ளூர் அதிகாரிகள் தயாராகிறார்களா என்பதுதான் கேள்வி.

காங்கோவில் அந்தக் கேள்விக்கு ஃபோர்ஸ் பப்ளிக்கின் பெல்ஜியத் தளபதி ஜான்சன்ஸ் ஜூலை 5-ல் பதில் சொன்னார். சிப்பாய்களைக் கூட்டிவைத்து, கரும்பலகையில் 'விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின்' என்று எழுதினார். பதவி உயர்வு கிடையாது, எதுவும் மாறாது என்பது அதன் பொருள். அன்றே கலகம் வெடித்தது. பிரதமர் லுமும்பா ஜான்சன்ஸை நீக்கி, சிப்பாய்கள் எல்லாருக்கும் ஒரு படி உயர்வு கொடுத்தார். அதற்குள் ஒழுங்கு கைமீறிவிட்டது. ஜூலை 10-ல் பெல்ஜியப் படை காங்கோ அரசின் இசைவு இல்லாமலே இறங்கியது. மறுநாள் கட்டாங்கா மாகாணத் தலைவர் ஷோம்பே அந்த மாகாணத்தைத் தனிநாடாக அறிவித்தார்.

ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இனக்குழுச் சண்டையில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவார்கள். வரி எந்தக் கஜானாவுக்குப் போனது என்று கேட்பவர் குறைவு. கட்டாங்காவின் செம்புச் சுரங்கங்கள் யூனியன் மினியேர் நிறுவனத்துடையவை. அது தலைநகர் லியோபோல்ட்வில்லில் இருந்த மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய பணத்தை ஷோம்பேயிடம் கட்டியது. ஷோம்பேயின் கூலிப்படைக்குச் சம்பளம் அந்தப் பணத்தில்தான் போயிற்று. மத்திய அரசோ பிறந்த இரண்டாம் வாரத்திலேயே தன் பெரிய வருமானத்தை இழந்து நின்றது. இந்தப் பிரிவினை முடிய 1963 ஜனவரி ஆயிற்று.

ராணுவம், பணம் இரண்டையும் அடுத்து மூன்றாவது கோளாறு அரசமைப்பில். பெல்ஜிய நாடாளுமன்றம் இயற்றிக் கொடுத்த அடிப்படைச் சட்டத்தின் 22-வது பிரிவு, பிரதமரை நியமிக்கவும் நீக்கவும் நாட்டுத் தலைவருக்கு அதிகாரம் தந்தது. பெல்ஜியத்தில் இப்படி எழுதிவைத்தாலும் மன்னர் தன்னிச்சையாகச் செயல்படாத மரபு அதற்கு வேலி. காங்கோவுக்கு வாசகம் மட்டும் வந்தது, மரபு வரவில்லை. செப்டம்பர் 5-ல் குடியரசுத் தலைவர் கசவுபு வானொலியில் லுமும்பாவை நீக்கினார். லுமும்பா பதிலுக்குக் கசவுபுவை நீக்கியதாக அறிவித்தார்.

இதே வறுமையோடு தொடங்கிய போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966-ல் அங்கேயும் பட்டதாரிகள் சொற்பம், தார்ச்சாலை சில கிலோமீட்டர். அதன் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா வெளிநாட்டு அதிகாரிகளை அவசரப்பட்டு அனுப்பவில்லை. உள்ளூர் ஆட்கள் பயிற்சி பெறும்வரை வைத்துக்கொண்டார். 1977 வரை ராணுவமே வைக்கவில்லை, காவல்துறை மட்டும்தான். 1967-ல் கனிம உரிமைகளைக் குலங்களிடமிருந்து அரசுக்கு மாற்றினார். அதே ஆண்டு வைரம் கிடைத்த ஒராபா அவருடைய சொந்தக் குலமான பங்வாட்டோ நிலத்தில் இருந்தது என்பதை நினைத்தால் அந்த முடிவின் கனம் புரியும். இன்னொரு கட்டாங்காவுக்கு அங்கே இடமில்லாமல் போனது இதனால்தான். வைரச் சுரங்க நிறுவனத்தில் 15 சதவீதமாக இருந்த அரசின் பங்கைப் பிறகு பேசிப்பேசி 50 ஆக்கினார்கள். போட்ஸ்வானா சிறிய மக்கள்தொகை கொண்ட நாடு, பெரும்பான்மையோர் ஒரே மொழிக்காரர்கள். அந்தச் சாதகத்தையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். மத்திய கலஹாரியிலிருந்து சான் மக்களை வெளியேற்றிய அநீதியும் அதே அரசின் கணக்கில்தான் இருக்கிறது.

இனி உங்கள் 'பக்குவம்'. காங்கோவில் 1960 மே தேர்தலில் கீழவையின் 137 இடங்களில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. பல கட்சிகள் பேச்சு நடத்தி ஒரே மாதத்தில் கூட்டணி அமைச்சரவை அமைத்தன. செப்டம்பர் நெருக்கடியிலும் நாடாளுமன்றம் கூடி விவாதித்தது. கீழவை இரண்டு நீக்கங்களையும் செல்லாது என்றது. மேலவை லுமும்பாவை ஆதரித்து வாக்களித்தது. வாக்காளரும் உறுப்பினரும் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள். செப்டம்பர் 14-ல் அந்த அவையை முடக்கியவர் ராணுவத் தலைமையில் இருந்த மொபுட்டு. லுமும்பா 1961 ஜனவரி 17-ல் கட்டாங்காவில், பெல்ஜிய அதிகாரிகள் உடனிருக்கச் சுட்டுக் கொல்லப்பட்டார். மொபுட்டு 1965 நவம்பரில் ஆட்சியையே பிடித்து, அமெரிக்க, பெல்ஜிய ஆதரவோடு வேரூன்றி, 1997 மே வரை நீடித்தார்.